படம் பார்த்துவிட்டுக் கதைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்காக)

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் படம் பார்க்கிற ஆட்களுக்குக் குறைவே இல்லை. என்னைக் கண்டால் படத்தைப் பற்றித்தான் கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். அபிப்பிராயம் எல்லாம் என்னுடையது, உங்களுக்கு வேறு மாதிரிப் பட்டிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் எந்தக் காட்சியை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணா, கிட்டடியில் பார்த்ததில் எது நல்ல படம்?

'மெய்யழகன்', 'கொட்டுக்காளி', 'டூரிஸ்ட் ஃபேமிலி', 'லப்பர் பந்து'. இந்த நான்கைப் பற்றித்தான் என்னால் அலுக்காமல் கதைக்க முடியும். நான்கும் 2024, 2025இல் வந்தவை. இதில் மனதை விட்டுப் போகாதது கொட்டுக்காளி. திரும்பப் போட்டுப் பார்த்தது மெய்யழகன். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்த்தது டூரிஸ்ட் ஃபேமிலி. எதற்காகப் படம் தேடுகிறீர்கள் என்று தெரியாமல் 'நல்ல படம்' என்று ஒன்றை மட்டும் கையில் தர எனக்கு மனம் வருவதில்லை.

மெய்யழகன் முழுக்கக் கதைத்துக்கொண்டே இருக்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கு?

இந்தக் கேள்விதான் கூட வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதை சின்னது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு 1996இல் வெளியேறிய ஒரு குடும்பம், அந்த வீட்டுப் பையன் அருள்மொழி (அரவிந்த் சுவாமி) இருபது வருடத்துக்கு மேல் கழித்து தங்கை முறையான ஒருத்தியின் கல்யாணத்துக்காக ஊர்ப் பக்கம் வருகிறான். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருவன் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறான். அவனுடைய பெயர் அருளுக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். இவ்வளவுதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மணமேடைக் காட்சி. அருள் முகத்தைக் காட்டிவிட்டு, கொண்டுவந்த பரிசைக் கொடுத்துவிட்டு, இரவு பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம் என்றுதான் வருகிறான். தங்கை விடவில்லை. அத்தனை சனமும் பார்க்க, மேடையிலேயே நகைப் பெட்டியைப் பிரித்துக் கொலுசு வரைக்கும் போட்டுக்கொள்கிறாள், புகைப்படக்காரர் காத்து நிற்கிறார், பின்னால் வாழ்த்த வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அந்த இரண்டு பேருக்கும் மட்டும் நேரம் நின்றுவிடுகிறது. வசனம் மிகக் குறைவு. அருள் இவ்வளவு வருடமாக ஊரை வெறுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அவனுடைய முகத்திலேயே கரைந்து போவதைப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் இந்தப் படம் வேறு மாதிரித்தான் உள்ளே இறங்கும். நாவலடி வீட்டை 2004 சுனாமியோடு விட்டுவிட்டுத் திராய்மடுவில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். 1990இல் யுத்தத்துக்குப் பயந்து வெளிக்கிட்டுத் திரும்பப் போகாதவர்கள் இருக்கிறார்கள். சொந்த ஊர் பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான், ஆனால் அந்த வளவைப் போய்ப் பார்க்க மனம் வராது. அப்படி ஒருவரோடு இருந்து இந்தப் படத்தைப் பாருங்கள், 'இழுவை' என்ற சொல்லே உங்கள் வாயில் வராது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டாம் பாதியில் கார்த்தியின் பாத்திரம் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிறது, அது அந்த மனிதனின் வெகுளித்தனத்தோடு ஒட்டவில்லை. படம் வெளியான சில நாளிலேயே 18 நிமிடமளவில் வெட்டினார்கள். வெட்டிய பிறகும் எனக்கு அந்த இடங்கள் நீளமாகத்தான் பட்டன. ஆனால் அருள் ஊரில் விட்டுப்போன சைக்கிளைப் பற்றி வருகிற கதையில் ஒரு நொடியைக்கூடத் தொடக்கூடாது.

கொட்டுக்காளிக்கு முடிவே இல்லையே, காசு வீண்தானே?

முடிவு இருக்கிறது, அதை நாங்கள்தான் எடுக்க வேண்டும் என்று இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜ் விட்டிருக்கிறார். எப்படி விட்டார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவெடுத்து, கட்டிக்கப் போகிற முறைமாமன் பாண்டி (சூரி), அப்பா, அம்மா, சொந்தக்காரர் எல்லோருமாக ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஒரு சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். படம் முழுக்க அந்தப் பயணம்தான். பின்னணி இசை இல்லை. ஓட்டோ இரைச்சல், சேவல் சத்தம், தொண்டை கட்டிச் சுண்ணாம்பு பூசியிருக்கிற பாண்டியின் கரகரத்த குரல், இவைதான் காதில் விழும். மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை.

வழியில் ஒரு மாடு ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று வருகிறது. இத்தனை நேரமும் ஒரு பெண்ணை அடக்கத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லோரும் அந்த மாட்டுக்குக் கிட்டப் போகப் பயந்து நிற்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போய்விடும். யாரும் ஒரு வசனம்கூடச் சொல்லி விளக்குவதில்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் அந்த இடத்தில் இசையைப் போட்டு, மீனாவின் முகத்தைக் கிட்டக் காட்டி, எங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். வினோத்ராஜ் அதைச் செய்யவில்லை, அந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன்.

மட்டக்களப்பான் பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிற கதை உங்களுக்குத் தெரியும். மந்திரம், கட்டு, செய்வினை, நூல் கட்டுவது, தண்ணி ஓதுவது எல்லாம் இன்றைக்கும் எங்கள் வீடுகளில் நடக்கிற சங்கதிகள்தான். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் டொக்டரிடமும் போவோம், ஓதுகிறவரிடமும் போவோம். அதில் பாதி அன்பு, பாதி பயம். ஆனால் ஒரு பெண் பிள்ளை 'எனக்கு இது வேண்டாம்' என்று சொன்னதற்கும் அதே மருந்தைத்தானே தேடுகிறோம். எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்றுகொண்டார். 'மெதுவான படம்' என்று அவர் சொல்லவில்லை.

முடிவைச் சொல்லலாமா, கூடாதா?

பார்க்காத ஆள் பக்கத்தில் இருந்தால் சொல்லாதீர்கள். 'மகாராஜா' மாதிரி, காலத்தை முன்பின்னாக மாற்றி வைத்துக் கடைசியில் முடிச்சை அவிழ்க்கிற படத்தில் அதைச் சொல்லிவிட்டால் மற்றவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. பாலு மகேந்திராவின் 'வீடு' போன்ற படத்தில் முடிவு தெரிந்தாலும் ஒன்றும் குறையாது, அதையும் கேட்டுவிட்டுச் சொல்வதுதான் மரியாதை.

டூரிஸ்ட் ஃபேமிலி எங்கட சனத்தின் கதை. அதைக் குறை சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எங்களைப் பற்றி ஒருவர் படம் எடுத்தால் உடனே நெஞ்சு நிறைந்துவிடுகிறது, அது எனக்கும் நடக்கிறது. ஆனால் நன்றி வேறு, படத்தைப் பற்றிய அபிப்பிராயம் வேறு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம் அது. பொருளாதார நெருக்கடியில் இங்கே வாழ வழியில்லாமல் ஒரு தகப்பன், தாய், இரண்டு பொடியன்கள் வள்ளத்தில் ஏறி ராமேஸ்வரம் பக்கம் இறங்கி, சென்னையில் ஒரு தெருவில் வாடகைக்குக் குடியேறுகிறார்கள். வாய் திறந்தால் எங்கே இருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிடும், அதனால் அக்கம்பக்கத்தோடு கதைக்காதே என்று சொல்லித்தான் குடியேற்றுகிறார்கள். தகப்பன் தர்மதாஸால் (சசிகுமார்) அப்படி இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டால் சிரிக்காமல், சுகம் கேட்காமல் போக முடியாத மனுசன் அவர். சிம்ரன் அந்தத் தாயை மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார். தெருவில் ஒரு வயதான அம்மா இறந்து போகிற இடத்தில், அதுவரை ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் இருந்த தெரு ஒரு செத்த வீட்டுக்காக ஒன்று சேர்வது மிக நன்றாக வந்திருக்கிறது. செத்த வீட்டுக்கு அழைப்பு இல்லாமலே போய்க் கதிரை தூக்கிப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

இனிக் குறை. 2022 நெருக்கடியில் வள்ளத்தில் போனவர்களை மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். 1983க்குப் பிறகு போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில்தான் பிறந்து வளர்கிறார்கள், அந்த முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். இந்தப் படத்தின் குடும்பம் அந்த வாசல் பக்கமே போகாமல் நேரே சென்னைக்குப் போய்விடுகிறது. ஒரு குடும்பம் தப்பியது என்று கதை சொல்லலாம், அது பரவாயில்லை. ஆனால் அங்கே யாருமே அவர்களை வெறுக்கவில்லை, வெறுத்தவர்களும் பத்து நிமிடத்தில் மனம் திருந்திவிடுகிறார்கள். பொலிஸ்காரர்கூட. எனக்கு அந்த இனிப்பு கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பார்க்கும்போது அழுதேன், சிரித்தேன், அடுத்த நாள் யோசித்தபோது அந்தத் தெருவை நம்ப முடியவில்லை.

படத்தில் வருகிற இலங்கைத் தமிழர் எல்லோரும் ஏன் ஒரே மாதிரிக் கதைக்கிறார்கள்?

தமிழ்நாட்டு சினிமாவுக்கு 'இலங்கைத் தமிழ்' என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சு மட்டும்தான். கமல் இலங்கைத் தமிழராக நடித்த 'தெனாலி' (2000) வந்ததிலிருந்து அது இன்னும் கூடிப்போனது. யாழ்ப்பாணப் பேச்சையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால், நாலு சொல்லும் ஒரு இழுவையும் போதும் என்று நினைக்கிறார்கள்.

மட்டக்களப்புப் பேச்சை, கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் பேச்சை, மலையகப் பேச்சைத் திரையில் கேட்பது அபூர்வம். எங்கள் அம்மம்மா 'மறுகா என்னகா நடந்த?' (பிறகு என்ன நடந்தது?) என்று கேட்டால் அதில் இருக்கிற வேகமும் உரிமையும் எந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. வட்டாரப் பேச்சைத் திரையில் சரியாகக் கேட்கிற சந்தோசம் மதுரைக்காரனுக்கும் நெல்லைக்காரனுக்கும் கிடைக்கிறது, எங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை? இதைச் சென்னையிடம் கேட்டு ஒன்றும் நடக்காது, எங்கள் பொடியன்களும் பெட்டைகளும் குறும்படம் எடுக்கும்போது செய்ய வேண்டிய வேலை. அவர்களே கமெரா முன்னால் வந்ததும் சென்னைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

பாலு மகேந்திரா மட்டக்களப்பார்தானே? அவருடைய எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ஓம், மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அமிர்தகழிதான் அவருடைய ஊர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, முதலில் மலையாளப் படங்களில் கமெரா செய்து, 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கி, பிறகு தமிழுக்கு வந்தார். 2014 பெப்ரவரியில் இறந்தார். அதற்குச் சற்று முன்னர் வந்த 'தலைமுறைகள்' (2013) படத்தில் அவரே தாத்தாவாக நடித்திருக்கிறார்.

எல்லோரும் 'மூன்றாம் பிறை'யில் (1982) தொடங்கச் சொல்வார்கள். மழையில், சேற்றில், ரயில் நிலையத்தில் கமல் குரங்குச் சேட்டை செய்து காட்டுகிற அந்தக் கடைசிக் காட்சி யாருக்கும் மறக்காது, அது சரிதான். நான் 'வீடு' (1988) என்று சொல்வேன். பாட்டே இல்லாத படம், இளையராஜாவின் இசை மட்டும் இருக்கிறது. சுதா என்ற வேலைக்குப் போகிற பெண் (அர்ச்சனா) சென்னையில் ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், அனுமதி, கொந்தராத்துக்காரன், சீமெந்துக் களவு, மழை. இதற்கு மேல் வில்லன் கிடையாது.

அதில் தாத்தாவாக வருகிற சொக்கலிங்க பாகவதர் ஒரு நாள் தனியாக அந்த அரைகுறை வீட்டைப் பார்க்கப் போகிறார். கூரை வேலை, பூச்சு ஒன்றும் முடியவில்லை. குடையோடு மெல்ல மெல்ல நடந்து, அறை அறையாக நின்று, பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். வசனம் இல்லை. பாலு மகேந்திரா கமெராவை அவசரப்படுத்தாமல் அந்தக் கிழவரின் நடை வேகத்திலேயே வைத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தைப் பாருங்கள், யன்னலுக்கு விட்ட இடைவெளியால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். வீட்டுத்திட்டத்தில் அத்திவாரத்துக்கு ஒரு கட்டம், சுவருக்கு ஒரு கட்டம் என்று காசு வரும் வரைக்கும் தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, பின்னேரமானால் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த தாய் தகப்பனை எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும். இந்தப் படத்துக்காக அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. எனக்கு அந்தத் தாத்தாதான் படம்.

'எங்கட ஊர்க்காரர்' என்று பெருமைப்படுகிறவர்கள் அநேகம். அவருடைய படத்தில் மூன்றையாவது முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. பாருங்கள்.

ஹீரோ படம் பார்த்து விசில் அடிக்கிறவர்களை ஏன் கீழாகப் பார்க்கிறார்கள்?

நான் அப்படிப் பார்ப்பதில்லை. எங்கள் வடமோடிக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு, அதாவது கூத்தாடுகிற இடத்துக்கு, வருகிற வரவைப் பார்த்திருப்பீர்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தில் வரவுத்தாளம் போட, ராசா வேடக்காரன் உடுப்பும் முடியுமாகச் சுழன்று ஆடி வரும்போது, நித்திரை தூங்கிக்கொண்டிருந்த சனமும் நிமிர்ந்து உட்காரும். கதை அந்த இடத்தில் ஒரு அடியும் நகராது, அதை யாரும் குறையாகச் சொன்னதும் இல்லை. பெரிய நடிகரின் அறிமுகக் காட்சியும் அதே சங்கதிதான். விசில் அடிக்கிறவன் ஒரு பழைய ரசனையைத் தொடர்கிறான்.

என்னுடைய பிரச்சினை வேறு. கூத்தில் வரவு முடிந்ததும் அந்த ராசாவுக்கு ஒரு கதை இருக்கும், அவன் தோற்பான், அழுவான், சாவான். இப்போது வருகிற பல நட்சத்திரப் படங்கள் வரவோடு தொடங்கி, இடைவேளைக்கு ஒரு வரவு, கடைசிச் சண்டைக்கு ஒரு வரவு என்று வரவாகவே முடிந்துவிடுகின்றன. ஆடி முடித்த பிறகு சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் எனக்கு அலுக்கும்.

தியேட்டரில் பார்ப்பதா, போனில் பார்ப்பதா?

தியேட்டர். பெரிய நடிகர் படங்கள் இந்தியாவில் வருகிற அன்றைக்கே இங்கேயும் வந்துவிடுகின்றன. சின்னப் படங்கள்தான் கரைச்சல், அவை பெரும்பாலும் வராது, வந்தாலும் இரண்டு நாள் ஓடிவிட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் ஒரு நல்ல சின்னப் படம் வந்தால் முதல் கிழமையே போய்விடுங்கள்.

தியேட்டருக்குள் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறவர்களுக்கும், கதாநாயகனின் முகத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து செய்யாதீர்கள், பின்வரிசைக்காரரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

போனில் வருகிற தியேட்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு 'ஒளிப்பதிவு சரியில்லை, இருட்டு' என்று சொல்கிறவர்கள் அநேகம். யாரோ ஒருவன் கதிரையில் இருந்து களவாக எடுத்ததில் ஒளிப்பதிவாளரின் வேலையை எப்படிக் காண்பது? கொட்டுக்காளி போல ஒலியையே நம்பியிருக்கிற படத்தை அப்படிப் பார்த்தால் படத்தையே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பொறுத்திருந்து நெட்ஃபிளிக்ஸிலோ வேறு எங்காவதோ ஒழுங்கான பிரதி வந்ததும், ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். காசில்லாத பொடியன்களின் நிலை எனக்கு விளங்குகிறது, நாலு பேர் சேர்ந்து ஒரு சந்தா எடுத்து ஒரு வீட்டில் இருந்து பார்க்கலாம், படம் முடிந்ததும் கதைக்கவும் ஆள் இருக்கும்.

தம்பி, பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய படமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அக்கா, ட்ரெயிலரை நம்பாதீர்கள், தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள், அதற்கு மேல் பார்த்த ஒருவரிடம் நேராகக் கேளுங்கள். 'குடும்பப் படம்' என்ற விளம்பரத்தில் வெட்டுக்குத்து தாராளமாக வருகிறது. அதைப் பிள்ளைகள் பார்க்கலாம், முத்தக் காட்சி என்றால் மட்டும் ரிமோட்டைத் தேடுகிறோம், இது எனக்கு விளங்காத பழக்கம்.

2025இல் வந்த 'பெருசு' பற்றிப் பலர் கேட்டார்கள். எங்கள் நாட்டு இயக்குநர் இளங்கோ ராம் முதலில் அதைச் சிங்களத்தில் 'டென்டிகோ' என்று எடுத்தார், பிறகு தமிழ்நாட்டுக்குப் போய்த் தமிழில் எடுத்தார். இறந்துபோன தகப்பனின் உடலில் ஒரு சங்கடம், அதைச் செத்த வீட்டுக்கு வருகிறவர்களிடம் இருந்து மறைக்கக் குடும்பம் படுகிற பாடுதான் கதை. பெரியவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை.

சிங்களப் படம் பார்க்கலாமா? எங்களை நல்லவிதமாகக் காட்டுவார்களா?

பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் விடுவது எங்களுக்கே நட்டம். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2012இல் எடுத்த 'இனி அவன்' தமிழ் பேசுகிற படம். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்புகிற முன்னாள் போராளியாகத் தர்ஷன் தர்மராஜ் நடித்தார், 2022இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஊரே அவனை என்ன மாதிரிப் பார்க்கிறது என்பதை அந்தப் படம் எந்தச் சலுகையும் இல்லாமல் காட்டுகிறது. எங்களுக்கு உறுத்தும், உறுத்தட்டும்.

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' (2023) இன்னொன்று. 2022இல் பெற்றோல் வரிசையில் நித்திரை முழித்து, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் வெந்துபோய் இருந்தோமே, அந்த நேரத்தில் கேரளாவில் இருந்து சுற்றுலா வருகிற ஒரு தம்பதியின் கண்ணால் இந்த நாட்டைக் காட்டுகிறார். அவர்களுடைய லப்டொப்பும் போனும் களவு போகின்றன. பொலிஸ் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு வருவது தோட்டத்துத் தமிழ்ப் பொடியன்களை. 'அடையாளம் காட்டுங்கள்' என்று அந்தக் கணவனை நிறுத்துகிற காட்சி இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்தக் கல்யாணம் பழையபடி இருக்காது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

எங்கள் நாட்டில் தமிழ்ப் படமே எடுக்கவில்லையா?

எடுத்தார்கள். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்ததே எஸ். எம். நாயகம் என்ற தமிழர்தான். 1962இல் 'சமுதாயம்', பிறகு 'குத்துவிளக்கு', தர்மசேன பத்திராஜ எடுத்த 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலில் இருந்து வந்த 'வாடைக்காற்று' (1978) என்று ஒரு வரிசை உண்டு. தமிழ்நாட்டுப் படங்களோடு போட்டி போட்டுக் காசு எடுக்க முடியவில்லை, 1983க்குப் பிறகு எல்லாம் சிதறிப்போனது.

எனக்கு எழுதத் தெரியாது. பார்த்த படத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

'வேற லெவல்', 'மொக்கை', 'ஒருக்கா பார்க்கலாம்' என்ற மூன்றையும் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். படம் முடிந்த கையோடு எந்தக் காட்சி கண்ணுக்குள் நிற்கிறதோ அதை நடந்தபடி சொல்லுங்கள்: யார் எங்கே நின்றார், என்ன செய்தார், என்ன சத்தம் கேட்டது. பிறகு அது ஏன் உங்களைப் பிடித்தது அல்லது ஏன் எரிச்சல் தந்தது என்று இரண்டு வரி. அவ்வளவு போதும். யூடியூப் விமர்சகர் சொன்ன 'முதல் பாதி, இரண்டாம் பாதி' கணக்கை அப்படியே திருப்பிச் சொன்னால் நீங்கள் பார்த்தீர்களா என்றே எனக்குத் தெரியாது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தையல் அக்கா ஒருவர் டூரிஸ்ட் ஃபேமிலியைப் பார்த்துவிட்டு, புது வீட்டுக்குப் போனதும் அந்தத் தாய் வீட்டை எப்படி ஒதுக்கினார் என்பதைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் கதைத்தார். நான் வாசித்த எந்த விமர்சனத்தை விடவும் அது நல்லதாக இருந்தது.

இந்தக் கிழமை ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்க?

சரி, ஒன்றுதான் என்றால் லப்பர் பந்து. அறுவடை முடிந்த வயலில் மூன்று தடியை நட்டு விளையாடியவர்களுக்கும், மென்பந்துச் சுற்றுப்போட்டிக்காகக் கல்யாண வீட்டைக்கூட விட்டுவிட்டு ஓடியவர்களுக்கும், அப்படி ஓடியவரைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இந்தப் படம் புரிய ஒரு விளக்கமும் வேண்டாம். வயது போன துடுப்பாட்டக்காரனாக தினேஷ், அவரை வீழ்த்தத் தெரிந்த இளம் பந்துவீச்சாளனாக ஹரிஷ் கல்யாண், அவன் விரும்புகிற பெண்ணோ அந்தத் துடுப்பாட்டக்காரனின் மகள். எந்த அணியில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதற்குப் பின்னால் இருக்கிற சாதிக் கணக்கையும் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். தினேஷின் மனைவியாக வருகிற சுவாசிகாவைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே அவர் ட்ராக்டரில் ஏறி என்ன செய்கிறார் என்று பாருங்கள், பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.